டெபியன் 13க்கு மாறுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 13ஆம் பதிப்பு, ‘ட்ரிக்ஸி’, 2025 ஆகஸ்ட் 9 அன்று வெளியானது. லினக்ஸ் கெர்னல் 6.12, க்னோம் 48, பிளாஸ்மா 6.3 டெஸ்க்டாப்கள், பைத்தான் 3.13, பிஎச்பி 8.4 என்று உள்ளே இருப்பதெல்லாம் புதுசு. மொத்தம் 69,830 பேக்கேஜ்கள் (நிறுவத் தயாரான மென்பொருள் பொதிகள்); அதில் 14,100க்கு மேற்பட்டவை இந்த முறைதான் முதன்முதலாக உள்ளே வந்திருக்கின்றன. ரிஸ்க்-5 சிப்களுக்கும் இப்போது முறையான ஆதரவு உண்டு. புதிதாக நிறுவுகிறவர்களுக்கு இதெல்லாம் நல்ல செய்தி.

ஏற்கெனவே முந்தைய பதிப்பான டெபியன் 12ஐ வைத்து வேலை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. டெபியனில் அப்கிரேட் பாதியில் நொறுங்குவது அபூர்வம். கட்டளை ஓடி முடியும், கணினி ரீபூட் ஆகும், எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரண்டு நாள் கழித்து ஒரு வேலை நின்றுபோயிருக்கும், காரணமும் புரியாது. சத்தமில்லாமல் மாறிய இயல்பமைப்புகள், அதாவது நாம் எதுவும் சொல்லாதபோது டெபியன் எடுத்துக்கொள்ளும் அமைப்புகள்தான் காரணம். அதிகாரபூர்வ வெளியீட்டுக் குறிப்புகளில் 4ஆம் அத்தியாயம் எந்தக் கட்டளையை எப்போது தட்டுவது என்று சொல்கிறது. 5ஆம் அத்தியாயம் என்னென்ன மாறியது என்று சொல்கிறது. பெரும்பாலானோர் 4ஐப் படித்ததும் மூடிவிடுகிறார்கள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் அங்கேயே தொடங்குகின்றன.

‘ஸ்டேபிள்’ என்று எழுதி வைப்பது

பேக்கேஜ் மூலங்களின் கோப்பில் ‘புக்வார்ம்’ என்று 12இன் பெயரைக் குறிப்பிடாமல் ‘ஸ்டேபிள்’ என்று எழுதி வைத்திருப்பவர்கள் நிறைய பேர். புதிய பதிப்பு வெளியான அன்றே அந்தச் சொல் 12ஐ விட்டு 13ஐக் காட்டத் தொடங்கிவிடும். வழக்கமான வாராந்திரப் புதுப்பிப்பு என்று நினைத்துத் தட்டிய கட்டளை பதிப்பையே மாற்றத் தொடங்கினால் யாருக்கும் மூச்சு நிற்கும். பெயரையே எழுதிவிடுங்கள். மாறும் நாளை நீங்கள் தீர்மானியுங்கள்.

12இலிருந்து 13க்கு வரலாம். 11இலிருந்து நேராக 13க்குத் தாவ முடியாது. நடுவில் 12இல் இறங்கி, அதை முழுவதும் புதுப்பித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். மாறுவதற்கு முன் பேக்போர்ட்ஸையும் (பழைய பதிப்புக்குப் புதிய மென்பொருளைத் தரும் களஞ்சியம்) வெளியார் களஞ்சியங்களையும் அணைத்து வையுங்கள். அப்கிரேட் சிக்கிக்கொள்ளும் இடங்களில் முக்கால்வாசி, டெபியன் தராத ஒரு பேக்கேஜ் வழியை மறித்துக்கொண்டிருக்கும் இடமாகத்தான் இருக்கும்.

மூலங்களை எழுதும் முறைக்கும் இப்போது புதிய வடிவம் வந்திருக்கிறது. ‘ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ்’ என்ற கட்டளை பழைய ஒற்றை வரிகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றித் தரும். அதை அப்கிரேட் முடிந்தபிறகு செய்தால் போதும், அவசரமில்லை. கையால் புதிய கோப்பை எழுதிவிட்டுப் பழையதை அப்படியே விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மூலம் இரண்டு முறை இருப்பதாக எச்சரிக்கை வரும். இன்னொன்று, ‘ஆப்ட்-கீ’ கட்டளை 13இல் இல்லை. அதை நம்பி எழுதிய பழைய நிறுவல் ஸ்கிரிப்டுகள் அங்கேயே நின்றுவிடும்.

32 பிட் கணினியை இழுத்துக்கொண்டு போவது

இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. 32 பிட் பிசிக்களுக்கு 13இல் நிறுவியும் கிடையாது, கெர்னலும் கிடையாது. அந்த வகைப் பேக்கேஜ்கள் இன்னும் இருப்பது, 64 பிட் கணினிக்குள் பழைய மென்பொருளை ஓட்டுவதற்காக மட்டும். 32 பிட் டெபியன் ஓடும் கணினியை 13க்கு ஏற்றவே கூடாது என்று குறிப்புகள் நேராகவே சொல்கின்றன.

ஆனால் கணினியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். 2 ஜிபி ராம் இருந்த காலத்தில் கோர் 2 டுவோ கணினிகளில்கூட “32 பிட்டே போதும்” என்று நிறுவியவர்கள் உண்டு. அந்தச் சிப் 64 பிட் ஓட்டும். ‘எல்எஸ்சிபியு’ கட்டளையின் முதல் இரண்டு வரிகளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஓட்டும் என்றால் தரவைப் பேக்கப் எடுத்துவிட்டுப் புதிதாக 64 பிட்டை நிறுவுங்கள். நிறுவாமலே உள்ளுக்குள் மாற்றும் வித்தை ஒன்று இருக்கிறது. நேரம் நிறைய இருப்பவர்களுக்கு. ஆட்டம் என்270 போட்ட பழைய நெட்புக் என்றால் அது 32 பிட் மட்டும்தான். 12இலேயே இருக்கட்டும்.

தற்காலிக அடைவை வட்டு என்று நினைப்பது

‘டெம்ப்’ அடைவு இதுவரை வட்டில் இருந்தது. 13இல் அது ராமில் இருக்கிறது. உச்சவரம்பு, மொத்த ராமில் பாதி. 4 ஜிபி கணினி என்றால் 2 ஜிபிக்கு மேல் அங்கே எதையும் போட முடியாது. வட்டில் 200 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் டேட்டாபேஸ் டம்பை அங்கே எடுக்கும் ஸ்கிரிப்ட் “இடமில்லை” என்று சொல்லி நிற்கும். இரவு 2 மணிக்கு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் என்றால் யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

பெரிய கோப்புகளைக் கையாளும் ஸ்கிரிப்டுகளை ‘வார்’ அடைவுக்குள் இருக்கும் டெம்புக்கு மாற்றுவதே சரியான வழி. அது இன்னும் வட்டில்தான் இருக்கிறது. முடியாது என்றால் சிஸ்டம்டியில் ‘டெம்ப்.மவுண்ட்’ என்ற அலகை மாஸ்க் செய்து (தொடங்காதபடி முடக்கி) ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும். புதிதாக நிறுவிய கணினிகளில் இன்னொரு விஷயமும் உண்டு: டெம்பில் 10 நாள், வார் டெம்பில் 30 நாள் யாரும் தொடாத கோப்புகள் தானாக நீக்கப்படும். “அப்புறம் பார்த்துக்கலாம்” என்று அங்கே போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இப்போதே வேறு இடம் தேடுவது நல்லது.

பூட் பகிர்வை அளக்காமல் தொடங்குவது

பூட் அடைவைத் தனிப் பகிர்வாக வைத்திருப்பவர்களுக்கு மட்டும். கெர்னலும் ஃபர்ம்வேரும் பெருத்துப் போய்விட்டன. குறைந்தது 768 எம்பி அளவும், அதில் சுமார் 300 எம்பி காலியிடமும் வேண்டும் என்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நிறுவி, பதிப்பு பதிப்பாக ஏறி வந்த கணினிகளில் அது 250 எம்பிக்கும் 500 எம்பிக்கும் நடுவில் எங்காவது நிற்கும். பழைய கெர்னல்களை முதலில் நீக்குங்கள். அதிலும் போதவில்லை என்றால் பகிர்வைப் பெரிதாக்கிய பிறகுதான் மேற்கொண்டு.

கல்கத்தா காணாமல் போனது

இந்தியாவில் இருப்பவர்களை நேராகக் கடிக்கும் மாற்றம் இதுதான். தமிழில் இதைப் பற்றி யாரும் பேசிப் பார்க்கவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நேர மண்டலங்களின் தரவு வரும் பேக்கேஜை 13இல் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இன்றைய பெயர்கள் ஒன்றில், வழக்கொழிந்த பழைய பெயர்கள் ‘டிஇசட்டேட்டா-லெகசி’ என்ற இன்னொன்றில். இரண்டாவது தானாக நிறுவப்படாது. ‘ஏசியா/கொல்கத்தா’ முதலாவதில் இருக்கிறது. ‘ஏசியா/கல்கத்தா’ இரண்டாவதில். கொல்கத்தா என்ற பெயர் அதிகாரபூர்வமாகி 2001இலிருந்து எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன, இன்னும் யார் பழைய பெயரை எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். மனிதர்கள் எழுதுவதில்லை. விண்டோஸில் ஓடும் ஜாவா, இந்திய நேரத்தைப் பழைய பெயரில்தான் சொல்லும். குரோம் உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் கேட்டாலும் வருவது கல்கத்தாதான்.

இப்போது ஒரு காட்சியைப் பாருங்கள். அலுவலகத்தில் ஒரு டெவலப்பர். லேப்டாப்பில் விண்டோஸ், அதில் ஸ்பிரிங் பூட்டில் எழுதிய ஜாவா நிரல். டேட்டாபேஸ், டாக்கர் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓடும் போஸ்ட்கிரஸ். நேற்று வரை நன்றாக ஓடியது. இன்று அந்தக் கன்டெய்னரின் மூலப் பிரதியான இமேஜைப் புதிதாக இழுத்தார், அது டெபியன் 13 மேல் கட்டியது. நிரல் இணைக்கப் போன உடனேயே “டைம்ஸோன் அளவுருவுக்குச் செல்லாத மதிப்பு: ஏசியா/கல்கத்தா” என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்கிறது. கடவுச்சொல் சரி, போர்ட் சரி, ஃபயர்வால் சரி. அவர் டெபியனை அப்கிரேட் செய்யவே இல்லை, அதனால் அந்தப் பக்கம் யோசிக்கவும் மாட்டார். அதே குழுவில் மேக் வைத்திருப்பவருக்கு ஓடுகிறது என்றால் குழப்பம் இன்னும் கூடும்.

தீர்வு எளிது. ஜாவா தொடங்கும்போது நேர மண்டலத்தை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று கொடுத்துவிடுங்கள். உலாவியிலிருந்து வரும் பெயரை டேட்டாபேஸுக்கு அப்படியே அனுப்பும் நிரல் என்றால் நடுவில் ஒரு இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். அதெல்லாம் இப்போது முடியாது, நாளைக்கு டெமோ இருக்கிறது என்றால் லெகசி பேக்கேஜை நிறுவுங்கள், அல்லது இமேஜின் டேகில் ‘புக்வார்ம்’ என்று குறிப்பிட்டுப் பழையதிலேயே நில்லுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. கொழும்பின் பெயர் அப்படியே இருக்கிறது.

பழைய கோப்பில் எழுதிவிட்டு நம்பியிருப்பது

கெர்னல் அளவுருக்களை ‘சிஸ்சிடிஎல்.கான்ஃப்’ என்ற ஒரே கோப்பில் எழுதுவது காலகாலமான வழக்கம். 13இல் பூட் ஆகும்போது அந்தக் கோப்பை யாரும் படிப்பதில்லை. அதே பெயரில் ‘டாட் டி’ என்று முடியும் அடைவுக்குள் இருக்கும் கோப்புகள்தான் கணக்கு. ஒரு டெபியன் பெட்டியை ரூட்டராகவோ விபிஎன் சர்வராகவோ வைத்திருப்பவர்கள் பாக்கெட்டுகளை முன்னனுப்பும் வரியை அந்தப் பழைய கோப்பில்தான் எழுதியிருப்பார்கள். ரீபூட்டுக்குப் பிறகு சர்வர் உயிரோடு இருக்கும், விபிஎன்னும் இணையும், இணையம் மட்டும் வராது. கோப்பு கண்ணெதிரே இருக்கும், வரியும் இருக்கும் என்பதால் அதைச் சந்தேகப்படவே தோன்றாது. வரிகளைப் புதிய அடைவுக்குள் ஒரு கோப்பாக நகர்த்துங்கள், வேறொன்றும் வேண்டாம்.

சில கணினிகளில் நெட்வொர்க் கார்டின் பெயரும் மாறக்கூடும். நிலையான ஐபி எழுதி வைத்திருக்கும் தூரத்து சர்வர் என்றால் இதை முதலிலேயே யோசியுங்கள். அங்கே கன்சோல் வழியாக நுழைய வேறு பாதை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நிம்மதி.

எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்திலிருந்து அப்கிரேட் செய்கிறவர்கள், இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர வைக்கும் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீனுக்குள் செய்யாமல் விடுவது இன்னும் நடக்கிறது. இந்த முறை அது கூடுதல் ஆபத்து. நடுவில் இணைப்பு அறுந்தால் திரும்ப நுழைய முடியாமல் போகும் ஒரு சிக்கல் இருந்தது. அதற்கான திருத்தத்தை 12க்கே கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 12ஐக் கடைசி வரை புதுப்பித்த பிறகே 13க்கான வேலை. எஸ்எஸ்எச் நுழைவுக்கான பழைய டிஎஸ்ஏ வகைச் சாவிகளும் இனி செல்லாது. எந்த அமைப்பை மாற்றினாலும் திரும்ப வராது, எட்25519 என்ற புதிய வகைச் சாவி ஒன்றை இப்போதே உருவாக்கி வையுங்கள்.

வட்டைக் குறியாக்கம் செய்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ‘சிஸ்டம்டி-கிரிப்ட்செட்டப்’ தனிப் பேக்கேஜாகிவிட்டது. வழக்கமான அமைப்பில் தானாக வந்துவிடும். பரிந்துரைக்கப்படும் பேக்கேஜ்கள் வேண்டாம் என்று ஆப்டில் அணைத்து வைத்திருந்தால் வராது. ரீபூட்டுக்கு முன் இருக்கிறதா என்று பாருங்கள்.

டேட்டாபேஸ்களில் அவசரம்

மரியாடிபி டேட்டாபேஸ் 10.11இலிருந்து 11.8க்குத் தாவுகிறது. அது ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தால்தான் புதிய பதிப்பு பழைய தரவை எடுத்துக்கொள்ளும். முந்தின நாள் மின்சாரம் போய் அணைந்த சர்வரை அப்படியே அப்கிரேடில் ஏற்றாதீர்கள். ஒருமுறை தொடங்கி, முறையாக நிறுத்தி, பதிவேட்டைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

போஸ்ட்கிரஸில் வேறு மாதிரி. 17 வந்து உட்காரும், உங்கள் தரவு 15இலேயே இருக்கும். அதை நகர்த்துவது உங்கள் வேலை; ‘பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்’ அதற்குத்தான். நகர்த்தாமலே பழைய 15ஐ நீக்கிவிடுவதுதான் இந்தக் கட்டுரையிலேயே மிக விலையுயர்ந்த தவறு. “தேவையில்லாத பேக்கேஜ்களை நீக்கவா?” என்று கேட்கும் ஆட்டோரிமூவ் கட்டளையின் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். நாற்பது வரி இருந்தாலும் படியுங்கள்.

மின்னஞ்சல் சர்வர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம் என்பது என் கருத்து. மின்னஞ்சல் பெட்டிகளைக் கையாளும் டவ்காட் 2.4, பழைய 2.3இன் அமைப்புக் கோப்புகளை ஏற்காது. இரு சர்வர்களின் அஞ்சலை ஒன்றுபோல வைத்திருக்கும் ரெப்ளிகேஷன் வசதியும் எடுக்கப்பட்டுவிட்டது. கோப்புகளைப் புதிதாக எழுதி, தனிக் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டு மாறுங்கள். 12க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் 30 வரை இருக்கிறது. வீட்டு லேப்டாப்பை இந்த வாரக் கடைசியில் மாற்றுங்கள், அலுவலக மெயிலை 12இன் ஆதரவு முடிவதற்குள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.