புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறீர்களா? வாய்க்காலைத் தாண்டாமல் திரும்பாதீர்கள்

புதுச்சேரியில் வழிகாட்டியோடு நடந்து பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் செய்கிற முதல் தவறு, கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுப் பகுதியை மட்டும் சுற்றிவிட்டுத் திரும்புவதுதான். மஞ்சள் சுவர், காகிதப்பூ தொங்கும் வாசல், துய்மா வீதியில் பத்துப் படம், அப்புறம் ஒரு காபி. ஊரையே பார்த்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதி அப்படியே விட்டுப்போகிறது. பதிவு செய்யும்போதே "அந்தப் பக்கமும் கூட்டிப் போவீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே காலையில் பார்த்தால்தான் வித்தியாசம் உறைக்கும்.

பிரெஞ்சு வீட்டுக்குத் தெருப்பக்கம் உயரமான மதிலும் பெரிய கதவும்தான். அழகெல்லாம், தோட்டமும் வளைவுகளும், உள்ளே இருக்கும். தமிழ் வீடு தெருவிலேயே ஆரம்பித்துவிடும். வைசியாள் வீதியில் ஒரு வீட்டின் முன் நின்று பாருங்கள். மரத்தூண்கள் தாங்கும் சாய்ப்புக் கூரைதான் தாழ்வாரம். தெருவில் போகிற யாரும் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம். அதை ஒட்டித் திண்ணை, வந்தவரை உட்கார வைக்க. பிறகு கதவு, ரேழி என்கிற நடை, அதற்கும் உள்ளே வானம் தெரியும் முற்றம். வழிப்போக்கர் எதுவரை, விருந்தாளி எதுவரை, வீட்டுக்காரர் எதுவரை என்பதை வீடே சொல்லிவிடுகிறது. திண்ணையை அலங்கார மேடை என்று நினைத்து நகர்ந்துவிட்டால், அந்த வீட்டைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்வேன்.

கண் மட்டத்தில் இருப்பதை மட்டும் பார்ப்பதும் தவறு. தலையைத் தூக்குங்கள். கீழே திண்ணையும் மரத்தூணுமாக இருக்கும் வீட்டின் மாடியில் வளைவு ஜன்னல்களும் பிரெஞ்சு பாணித் தூண்களும் இருக்கும். இரண்டு கட்டடக் கலைகள் ஒரே சுவரில் கலந்திருப்பது எனக்கு இந்த ஊரிலேயே மிகப் பிடித்த விஷயம்.

"எல்லாம் டூப்ளே காலத்து வீடுகள்" என்று பலர் நம்பிக்கொண்டே நடக்கிறார்கள். டூப்ளே 1742 முதல் 1754 வரை இங்கே இருந்த பிரெஞ்சு கவர்னர். ஆனால் அந்த ஊர் நிலைக்கவில்லை. 1761-ல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்த பிறகு, பழைய தெருக்களின் போக்கிலேயே மறுபடி எழுந்த ஊர் இது. அந்த அழிவுக்கு முந்தியது என்று சொல்லப்படும் அபூர்வமான வீடு, டூப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. 1738-ல் கட்டியது. கீழே செதுக்கிய மரத்தூண்கள், மேலே வெள்ளைச் சுண்ணாம்புத் தூண்கள். அந்தக் கலப்பு அப்போதே தொடங்கிவிட்டது.

உதிர்ந்த சுவரைப் பார்த்ததும் "கவனிப்பாரில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். பல இடங்களில் வீட்டுக்காரர் கவனித்ததே வினையாகியிருக்கும். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். ஈரத்தை இழுக்கும், வெளியேயும் விடும். அதன் மேல் நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடலோர உப்பும் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நாளில் பூச்சு உப்பி, பெயர்ந்து, தட்டுத் தட்டாக விழும். வழிகாட்டியிடம் இதைக் கேளுங்கள். மரச் சட்டங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிக் கட்டும் மெட்ராஸ் டெரஸ் கூரையையும் காட்டச் சொல்லுங்கள். சுவரில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

பத்து மணிக்கு மேல் கிளம்பாதீர்கள், வெயில் தாங்காது.

கடைசியாக ஒன்று. இவற்றில் பல வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டுவது, கேட்காமல் திண்ணையில் கும்பலாக உட்காருவது இரண்டும் வேண்டாம். "அம்மா, கொஞ்சம் உட்காரலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சில வீடுகளில், "உள்ளே வந்து முற்றத்தையும் பார்த்துட்டுப் போங்க" என்பார்கள்.