சிறுவரிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் முன்

2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி உயர்த்தப்பட்ட அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் வசூலிக்கப்படுகின்றன. தலைக்கவசம் அணியாவிட்டால் 1,000 ரூபாய், ஓட்டுநர் உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய், குடித்துவிட்டு ஓட்டினாலோ ஆம்புலன்ஸுக்கு வழிவிட மறுத்தாலோ 10,000 ரூபாய் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும்; பின்னால் அமர்ந்து வருபவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். காப்பீடு காலாவதியான வண்டிக்கு முதல் முறை 2,000 ரூபாய், மீண்டும் பிடிபட்டால் 4,000 ரூபாய்.

பெற்றோர் மிகவும் கவனிக்க வேண்டியது வேறு. உரிமம் பெறும் வயதை எட்டாத பிள்ளை, டியூஷனுக்குத்தானே என்று வண்டியை எடுத்துச் சென்று சட்டத்தை மீறினால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம் என்பதோடு, வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது நிறையும் வரை உரிமமும் கிடைக்காது. ‘எனக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றான்’ என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோருடையதே. ஆகவே சாவியைப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஆவணங்களை டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினாலும் செல்லும்.