பைக்கில் ஜிபிஎஸ் டிராக்கர் பொருத்துவது எப்படி?

பைக் எங்கே நிற்கிறது என்பதைச் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்வதாகப் பலர் நம்புகிறார்கள். செயற்கைக்கோளுக்கு உங்கள் பைக்கைப் பற்றி எதுவும் தெரியாது. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் வந்து சேர்ந்த நேரத்தைக் கணக்கிட்டு, டிராக்கர்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அதை உங்கள் போனுக்கு அனுப்புவது உள்ளே இருக்கும் சிம் கார்டு. ரீசார்ஜ் முடிந்துவிட்டால் அது வெறும் டப்பா.

எனவே சிம்மில் தொடங்குங்கள். சிம்மின் பின் (PIN) எண் லாக்கை நீக்கிவிட்டு, டேட்டா திட்டத்தோடு போடுங்கள். 2ஜி கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. பைக்கில் மாட்டும் முன்பே மொட்டைமாடியில் வைத்து, செயலியில் இடம் சரியாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து வயரிங். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். பெரும்பாலும் டிராக்கரின் சிவப்பு வயர் பாசிட்டிவுக்கு, கறுப்பு நெகட்டிவுக்கு. ஆனால் நிறத்தை நம்பாமல் கையேட்டைப் பாருங்கள். சிவப்பில் ஒரு ஃபியூஸ் அவசியம். மூன்றாவது வயர், சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் வயரோடு சேர வேண்டும். அதை மல்டிமீட்டரால் கண்டுபிடியுங்கள். சாவி போடாமலே பைக் நகர்கிறது என்பதை டிராக்கர் இதை வைத்துத்தான் அறிகிறது.

நான்காவது வயர் ரிலேவுக்கு, அதாவது போனிலிருந்தே எஞ்சினை நிறுத்த உதவும், மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுக்கு. இங்கேதான் கவனம் வேண்டும். ஐந்து முனை ரிலே வாங்குங்கள். ஃபியூவல் பம்புக்கு மின்சாரம் போகும் வயரை வெட்டி, 30, 87ஏ முனைகளில் இணைக்க வேண்டும். இந்த இரண்டும் சாதாரண நேரத்தில் சேர்ந்தே இருக்கும், பம்ப் ஓடும். 85, 86 முனைகளில் ஒன்று பாசிட்டிவுக்கு, மற்றது டிராக்கருக்கு. போனிலிருந்து கட்டளை போனதும் ரிலே இழுத்துக்கொள்ளும், இணைப்பு பிரியும், எஞ்சின் நிற்கும். 87ஏவுக்குப் பதில் 87இல் மாட்டினால், கட்டளை அனுப்பாதவரை பைக் கிளம்பவே கிளம்பாது. இந்த வேலையை மட்டும் ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் விடுவதே நல்லது. வயரை வெட்டினால் வாரண்டி என்ன ஆகும் என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கருவியை பேட்டரி பக்கத்தில் வைக்காதீர்கள். திருடன் முதலில் தேடுவது அங்கேதான். மேலே பிளாஸ்டிக் மட்டும் இருக்கும் இடம் போதும். தகடு சிக்னலை மறைக்கும்.

கடைசியாகச் செயலியின் அமைப்புகள். அதிர்வு உணர்வை உச்சத்தில் வைத்தால் லாரி போனாலும் அலாரம் அடிக்கும். இரண்டு நாளில் நீங்களே அணைத்துவிடுவீர்கள். நடுத்தரத்தில் வையுங்கள். என் கணக்கில் சைரனைவிட முக்கியமானது, வயரை அறுத்தால் வரும் எச்சரிக்கை. அப்போது உள் பேட்டரி சிறிது நேரம் தாங்கும். ஒருமுறை சிவப்பு வயரைப் பிரித்துச் சோதித்துப் பாருங்கள்.

பைக் உண்மையிலேயே போய்விட்டால் தனியாகத் துரத்தாதீர்கள். 112ஐ அழைத்து இருப்பிட இணைப்பைப் போலீஸிடம் கொடுங்கள். வேகம் பூஜ்யம் என்று காட்டிய பிறகே எஞ்சினை நிறுத்துங்கள். ஓடும்போது நிறுத்தினால் பின்னால் வருபவரும் சேர்ந்து விழுவார்.