மூடிய ஆலைக்கு ஓய்வு பெற்றோர் சங்கம்: நடத்துகிறவர்களுக்குச் சில வழிமுறைகள்

ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியின் ஓய்வு பெற்றோர் சங்கத்துக்கும் மூடிவிட்ட கம்பெனியின் சங்கத்துக்கும் நடத்தும் முறையே வேறு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையையோ மின்வாரியத்தையோ எடுத்துக்கொண்டால், ஆண்டுதோறும் மாலை போட்டு வழியனுப்பப்படுகிறவர்கள் மறுமாதமே சந்தா கட்டிச் சேர்ந்துவிடுவார்கள். ஐம்பத்தெட்டு, அறுபது வயதில், காலில் தெம்போடு. எங்களுக்கு அந்த வரத்து இல்லை. நாங்கள் உதகமண்டலம் இந்துநகரில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையில் வேலை பார்த்தவர்கள். 1960-இல் தொடங்கப்பட்டு 1967-இல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம் அது. கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், சினிமா ஃபிலிம், போட்டோ காகிதம் எல்லாம் ‘இந்து’ என்ற பெயரில் இங்கிருந்துதான் போயின. 2014-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது, பிறகு கதவும் மூடியது. இனி யாரும் எங்கள் ஆலையிலிருந்து ஓய்வு பெறப்போவதில்லை.

நான் எக்ஸ்ரே ஃபிலிமை வெட்டிப் பெட்டியில் அடுக்கும் பிரிவில் இருந்தவள். இப்போது சங்கத்தின் செயலாளர். எங்களைப் போலப் பஞ்சாலையோ தேயிலைத் தொழிற்சாலையோ மூடிப்போனவர்கள் சங்கம் தொடங்க நினைத்தால் உதவும் என்று, நடைமுறையில் கண்டதை எழுதுகிறேன். உறுப்பினர் எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் போகும். அதை முதல் நாளே ஒப்புக்கொண்டு விதிகளை எழுதுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்து தானாக வரும்.

பதிவு வேலை சுலபம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி ஏழு பேர் சேர்ந்தால் போதும். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூவர் இருக்க வேண்டும். ஒரு குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, மறுபடியும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. துணைவிதிகளை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுக்கும் மாதிரியைப் பார்த்து எழுதிவிடலாம். ஆனால் இரண்டு இடங்களில் மாதிரியை அப்படியே நகலெடுக்காதீர்கள்.

ஒன்று, யார் உறுப்பினர் என்பது. ‘நிறுவனத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்’ என்று மட்டும் எழுதினால், அவர் இறந்த மறுநாள் அவர் மனைவிக்குச் சங்கத்தில் இடமில்லை. சங்கம் மிகவும் தேவைப்படுவதோ அந்த அம்மாவுக்குத்தான். கணவரையோ மனைவியையோ இழந்தவர் முழு வாக்குரிமையுள்ள உறுப்பினர் என்று எழுதுங்கள். ‘இணை உறுப்பினர்’, ‘கௌரவ உறுப்பினர்’ என்ற ஒட்டுத் திண்ணை வேண்டாம். எங்கள் குழுவில் இப்போது சுறுசுறுப்பான இருவர், ஆலைக்குள் ஒருநாளும் காலடி வைக்காத பெண்கள். கணவரின் சாப்பாட்டுத் தூக்கை நிரப்பிக் கொடுத்தே ஷிப்ட் நேரத்தை எல்லாம் மனப்பாடம் செய்தவர்கள்.

இன்னொன்று வங்கிக் கணக்கு. தலைவரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதுதான் வழக்கம். எழுபதைத் தாண்டியவர்கள் நடத்தும் சங்கத்தில் இது ஆபத்து. ஒருவர் கண் அறுவைச் சிகிச்சைக்குக் கோயம்புத்தூர் போய் மகள் வீட்டில் தங்கிவிட்டால் இறுதிச் சடங்கு உதவித்தொகைகூட எடுக்க முடியாது. மூன்று பேரைப் பதிவு செய்து, யாராவது இருவர் கையெழுத்துப் போதும் என்று தீர்மானம் போடுங்கள். மூவரில் ஒருவராவது வங்கிக்கு நடந்து போகும் தூரத்தில் குடியிருப்பவராக இருக்கட்டும். இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள், படிக்கட்டில் கணக்கிடுங்கள்.

பொறுப்புக்கு ஆள் பிடிப்பதுதான் உண்மையான தலைவலி. கூட்டத்தில் “யார் முன்வருகிறீர்கள்?” என்று கேட்டால் எல்லாரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் எழுந்து, “சாரே இருக்கட்டும்” என்பார். அந்த ‘சார்’ ஒரு பழைய மேலாளராக இருப்பார். ஆலை மூடினாலும் நாற்காலி வரிசை மூடுவதில்லை. நல்ல அதிகாரி நல்ல தலைவராக இருக்கலாம். ஆனால் ஆணையிட்டுப் பழகியவருக்கு, சம்பளம் இல்லாத ஆளிடம் வேலை வாங்குவது புதுப் பாடம். ஆளைத் தேடும்போது கேன்டீன் நடத்தியவர், சிக்கனக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதியவர், தொழிற்சங்கத்தில் சந்தா வசூலித்தவர் என்று பாருங்கள். முன்பு சந்தா வசூலித்தவருக்கு எந்த வீட்டில் எந்த நேரத்தில் கதவைத் தட்டலாம் என்று தெரியும். அந்த அறிவுக்கு ஈடு கிடையாது. போட்டித் தொழிற்சங்கங்களில் இருந்தவர்கள் ஒரே குழுவில் இருந்தால் சண்டை வருமே என்று பயப்பட வேண்டாம். வரும்தான். எதிரெதிர் ஆட்கள் இருவர் ஒரே கணக்கைப் பார்த்தால் தணிக்கை தானாக நடந்துவிடும்.

ஆளிடம் தனியாகப் போய், ஒரே ஒரு வேலையைக் கேளுங்கள். “குழுவில் சேருங்கள்” என்று கேட்டால் மறுப்பார். “அண்ணே, கேத்திப் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு மாதம் ஒருமுறை போன் போட்டுப் பேச வேண்டும், முடியுமா?” என்று கேட்டால் ஒப்புக்கொள்வார். இதுதான் எங்கள் சங்கத்தின் முதுகெலும்பு. மலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர்: உதகை, கேத்தி, குன்னூர், கோத்தகிரி, மஞ்சூர். குளிரும் மூட்டுவலியும் சேர்ந்து சமவெளிக்கு இறக்கிவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர். பொறுப்பாளரிடம் பெயர்ப் பட்டியல் ஒரு நோட்டில் இருக்க வேண்டும், கைப்பேசியில் மட்டும் அல்ல. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, வெளியூரில் இருக்கும் பிள்ளையின் எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டில் பக்கத்து வீட்டு எண்தான் பயன்படுகிறது.

மூன்று ஆண்டு முடியும்போது புதுச் செயலாளர் வேண்டும். எங்கள் வழக்கம்: பதவியில் இருப்பவரைவிடக் குறைந்தது ஐந்து வயது இளையவரைத் துணைச் செயலாளராக வைத்து, கடைசி ஆண்டு முழுவதும் கடிதங்களை அவரே எழுத வேண்டும். வயது குறைந்தவர்கள் தீர்ந்துபோனால்? உறுப்பினர்களின் மகன், மகள், மருமகள். அவர்களுக்கு வாக்குரிமை வேண்டாம், வேலை கொடுங்கள். எங்கள் கணக்கைக் கணினியில் ஏற்றுவது ஓர் உறுப்பினரின் மருமகள்தான். மாமனார் பழைய நோட்டிலும் எழுதிவைக்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் அந்த வீட்டில் அன்று சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகும்.

இனி, சங்கம் செய்ய வேண்டிய வேலை. பிறந்தநாள் வாழ்த்தும் சுற்றுலாவும் இருக்கட்டும், முதலில் ஓய்வூதியம். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16-இல் அமலுக்கு வந்தது. அதன்கீழ் வரும் தொகை சிறியது; 2014 முதல் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். சிறிய தொகை என்பதால்தான் ஒரு மாதம் நின்றாலும் வலிக்கிறது. நிற்பதற்கு முக்கியக் காரணம், உயிரோடு இருப்பதாக ஆண்டுதோறும் காட்ட வேண்டிய வாழ்நாள் சான்று. ‘நவம்பரில் கொடுக்க வேண்டும்’ என்று எல்லாரும் நம்புகிறார்கள். அது மத்திய அரசு ஓய்வூதியர்களின் வழக்கம். இந்தத் திட்டத்தில் எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் செல்லும். ஆகவே பகுதிப் பொறுப்பாளரின் நோட்டில் ஒவ்வொருவரின் சான்று எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதி, ஒரு மாதம் முன்பே நினைவூட்டுங்கள். வயதானவர்களின் கைரேகை தேய்ந்திருக்கும். குளிர் நாளில் விரல் வறண்டு கருவி இன்னும் அடம்பிடிக்கும். முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் செயலி இருக்கிறது, நல்ல வெளிச்சத்தில் பொறுமையாகச் செய்தால் வேலை முடிந்துவிடும். நடக்க முடியாதவர் வீட்டுக்குத் தபால்காரரே வந்து செய்து தருகிறார்.

ஓய்வூதியர் இறந்தால் அவர் துணைக்கு அதில் பாதி கிடைக்கும். அதுவும் 1,000 ரூபாய்க்குக் குறையாது. விண்ணப்பம் தாமதமாவது பெரும்பாலும் பெயர் எழுத்து ஒத்துப்போகாததால்தான். ஆலையின் பதிவேட்டில் ஊர்ப் பெயரோடு இருக்கும், ஆதாரில் தந்தை பெயரோடு, வங்கியில் மூன்றாவது விதமாக. துக்க வீட்டில் போய் இதைக் கேட்கக்கூடாது. இருவரும் உயிரோடு இருக்கும்போதே சரிபார்த்துத் திருத்துங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் செய்யுங்கள். யாரையும் தனியாகக் குறிவைத்ததாகத் தோன்றாது. சமவெளிக்குக் குடிபெயர்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: 2025 ஜனவரி முதல் எந்த வங்கிக் கிளையிலும் இந்த ஓய்வூதியத்தைப் பெறலாம். ஊர் மாறினால் ஆவணத்தை ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு மாற்ற அலைய வேண்டியதில்லை.

பொதுக்கூட்டத் தேதி அற்பமாகத் தோன்றும். மலையில் அதுவே வருகையைத் தீர்மானிக்கும். மே மாதம் கூடாது. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் உதகையின் சேரிங்கிராஸ் சந்திப்பைத் தாண்டவே பொழுது போய்விடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மஞ்சூர், குந்தாப் பக்கத்து மழையில் யாரையும் வரச்சொல்வது பாவம். அக்டோபர், நவம்பரில் மேட்டுப்பாளையம் சாலையில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரிவரை படுகர் ஊர்களில் ஹெத்தையம்மன் பண்டிகை. நம் ஆட்களில் பெரும்பங்கு அங்கேதான் இருப்பார்கள், புல்வெளியில் காலை உறைபனி வேறு. மிச்சம் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், செப்டம்பர். காலை பதினொன்றுக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடியுங்கள். மூன்றரைக்குமேல் மூடுபனி இறங்கினால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். கோயம்புத்தூரிலிருந்து காரில் வருகிறவர்களுக்கு இ-பாஸ் (இணையவழி நுழைவு அனுமதி) எடுத்து வரும்படி முன்பே சொல்லிவிடுங்கள்; 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். இந்த ஊரில் முப்பது ஆண்டு உழைத்தவர் சோதனைச் சாவடியில் சுற்றுலாப் பயணியாக நிற்கும்போது கொஞ்சம் முணுமுணுப்பார். தண்ணீருக்குச் சில்வர் குடமும் டம்ளரும். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில் தடை. டீயும் வர்க்கியும் இருந்தால் போதும், பிரியாணி போட்டால் அடுத்த ஆண்டு சந்தாவை உயர்த்த வேண்டியிருக்கும்.

வரலாறு எழுதும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ‘நிறுவனத்தின் வரலாறு’ என்று தலைப்புப் போட்டு உட்கார்ந்தால் ஆண்டறிக்கைதான் வரும்: இந்த ஆண்டு தொடக்கம், அந்த ஆண்டு விரிவாக்கம், 1990-களில் நலிவு, பிறகு டிஜிட்டல் கேமரா. அவை வேண்டும், அரைப் பக்கத்தில் முடித்துவிடுங்கள். எழுத வேண்டியது வேலை. எங்கள் வேலை இருட்டில் நடந்தது. வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டின் பசையை ஃபிலிமின்மேல் பூசுகிற இடத்தில் ஒரு துளி வெளிச்சம் பட்டாலும் சரக்கு போச்சு. சில பிரிவுகளில் மங்கலான பாதுகாப்பு விளக்கு உண்டு, சிலவற்றில் அதுவும் இல்லை. “உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்” என்று கேட்டால் இவர்கள் “என்ன இருக்கிறது சொல்ல” என்பார்கள். “எதிரே ஆள் வருவது எப்படித் தெரியும்?” என்று கேளுங்கள், ஒருமணி நேரம் பேசுவார்கள். செருமல், செருப்புச் சத்தம், சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பது, ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் கண் கூசுவது. ஒவ்வொரு பிரிவுக்கும் இப்படி ஒரு கேள்வியை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். இருவரைச் சேர்த்து உட்காரவைத்துப் பதிவு செய்வது நல்லது. ஒருவர் சொல்லும் ஆண்டை மற்றவர் திருத்துவார்.

ஊருக்கே ஃபிலிம் செய்து கொடுத்த எங்களிடம், வேலை செய்யும்போது எடுத்த படம் மிகக் குறைவு. இருட்டில் யார் கேமராவைக் கொண்டுவருவது? கிடைப்பவை விளையாட்டு விழா, ஆயுத பூஜை, வழியனுப்பு விழா. அவற்றைக் காப்பாற்றுவதில் மட்டும் எங்கள் பேச்சை நீங்கள் நம்பலாம். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்திலிருந்து பொறுமையாக எடுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் சுவரை ஒட்டிய பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு மூடியுள்ள பெட்டியில் வைத்து, பையை அவ்வப்போது மாற்றுங்கள். பின்பக்கம் பேனாவால் எழுதாமல், மென்மையான பென்சிலால் அழுத்தாமல் பெயர்களை எழுதுங்கள்: இடமிருந்து வலம், பிரிவு, ஏறக்குறைய எந்த ஆண்டு. கைப்பேசியில் நகலெடுக்கும்போது வெயிலில் அல்ல, மேகமூட்ட நாளில் ஜன்னலோரம். அதற்கு இங்கே பஞ்சமில்லை.

கடைசியாக, துணைவிதியில் கலைப்பு விதி. பெரும்பாலோர் மாதிரியில் உள்ள ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். நாங்கள் அதை விரிவாக எழுதினோம். உறுப்பினர் எண்ணிக்கை இவ்வளவுக்குக் கீழே இறங்கினால் புதிய சந்தா வசூலிக்கக்கூடாது. இருப்புத் தொகை முதலில் தனித்திருக்கும் உறுப்பினர்களின் மருத்துவத்துக்கு. மீதி இதே நோக்கமுள்ள வேறொரு பதிவு பெற்ற சங்கத்துக்கு. படங்களும் ஒலிப்பதிவுகளும் எந்த நூலகத்துக்குப் போகும் என்பதையும் எழுதி, அந்த நூலகரிடம் இப்போதே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கூட்டத்தில் இதை எடுத்தால் யாராவது “அபசகுனமாகப் பேசாதீர்கள்” என்பார்கள். பேசட்டும், பிறகு வாக்கெடுப்பு நடத்துங்கள். எங்கள் கூட்டத்தில் அன்று முதலில் கைதூக்கியவர்கள் வயதில் மூத்தவர்கள்தான்.