ஆர்-ல பூட்ஸ்ட்ராப் ரிக்ரெஷன் சரிவருதில்லையா? எங்க பிழைக்குது எண்டு பிடிக்கிற வழி

ஆர் எண்ட புள்ளிவிவர சொஃப்ட்வெயர்ல பூட்ஸ்ட்ராப் ரிக்ரெஷன் (டேட்டாவைத் திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்து ரிக்ரெஷன் போடுறது) ஓட விட்டு சிவப்பு எழுத்தில எரர் வந்தா சந்தோசப்படுங்கோ, எங்க பிழை எண்டு அதுவே பாதி சொல்லிப்போடும். எரரே வராம வடிவான டேபிள் ஒண்டு வந்து, அதில ஸ்டாண்டர்ட் எரர் (விடை எவ்வளவு ஆடக்கூடும் எண்ட அளவு) சைபர் எண்டு நிண்டாத்தான் தலையிடி. அதை அப்பிடியே ரிப்போர்ட்ல ஒட்டி சேரிட்ட குடுக்கிற ஆக்களும் இருக்கினம்.

இது ‘பூட்’ பக்கேஜை முதல் தரம் தொடுற கம்பஸ் பிள்ளைகளுக்கு. ஆர் கோட் எல்லாத்தையும் வாயால சொல்ற மாதிரித் தமிழ்ல எழுதுறன், நீங்க டைப் பண்ணேக்க இங்கிலீஷ் எழுத்தில அடிங்கோ. டேட்டா தேடி அலையவும் வேண்டாம், ஆரோடயே வாற ‘எம்டிகார்ஸ்’ காணும்: 32 கார், ஒரு காருக்கு ஒரு வரி, 1974-ல ஒரு அமெரிக்கன் கார் மெகசின்ல வந்த விவரம்.

பிராட்லி எஃப்ரன் 1979-ல சொன்ன விஷயம் சிம்பிள்தான். பையுக்க கையை விட்டு ஒரு சீட்டை எடுத்து, நம்பரை எழுதிப்போட்டு, திரும்பப் பையுக்கயே போட்டு அடுத்ததை எடுக்கிற மாதிரி, 32 வரியிலயிருந்து 32 வரி எடுக்கிறம், அதில சில கார் ரெண்டு மூண்டு தரம் வரும், சிலது வராமலே போகும், அந்தப் புது டேட்டாவில ரிக்ரெஷனைத் திரும்பப் போடுறம், இதை ஆயிரம் ரெண்டாயிரம் தரம் செய்து கோஎஃபிஷன்ட் (ரிக்ரெஷன் தாற இன்டர்செப்ட், ஸ்லோப் நம்பர்கள்) எவ்வளவு ஆடுது எண்டு பாக்கிறம்.

படி 1: முதல்ல சாதா ரிக்ரெஷன்

பூட்ஸ்ட்ராப்பை மறந்துட்டு ஆரின்ட ரிக்ரெஷன் ஃபங்ஷன் ‘எல்எம்’ல எம்பிஜியை (கலனுக்கு எத்தனை மைல்) டபிள்யூடி (காரின்ட பாரம், ஆயிரம் பவுண்ட் கணக்கில) மேல போடுங்கோ. இன்டர்செப்ட் 37.29, ஸ்லோப் மைனஸ் 5.34, ஸ்லோப்பின்ட ஸ்டாண்டர்ட் எரர் 0.56 எண்டு வரும். ஆயிரம் பவுண்ட் பாரம் கூடினா கலனுக்கு 5.34 மைல் குறையுது எண்டு அர்த்தம். இந்த மூண்டு நம்பரையும் ஒரு கடுதாசில எழுதி வையுங்கோ, கடைசி வரைக்கும் தேவைப்படும்.

படி 2: ஃபங்ஷனைக் கையால டெஸ்ட் பண்ணுங்கோ

முக்கால்வாசிப் பிழை பிடிபடுறது இங்கதான், எல்லாரும் தாண்டிப் போறதும் இதைத்தான். ‘பூட்’டுக்குக் குடுக்கிற ஃபங்ஷனுக்கு ரெண்டு ஆர்கியுமென்ட் கட்டாயம் வேணும், ஒண்டு டேட்டா (‘டி’ எண்டு வைப்பம்), மற்றது எந்தெந்த வரி எண்டு சொல்ற இன்டெக்ஸ் (அது ‘ஐ’). உள்ளுக்க ‘எல்எம்’க்கு டேட்டா எண்டு குடுக்கேக்க டி[ஐ, ] எண்டு குடுக்கோணும், கடைசியா ‘கோஎஃப்’ஐத் திருப்பிக் குடுக்கோணும், முழு மொடலையும் இல்ல.

எழுதினவுடன ‘பூட்’டுக்கு ஓடாதைங்கோ. ஃபங்ஷனை நீங்களே கூப்பிடுங்கோ, இன்டெக்ஸுக்கு 1:32 குடுத்தா கடுதாசில எழுதின 37.29உம் மைனஸ் 5.34உம் அச்சொட்டா வரோணும். பிறகு இன்டெக்ஸுக்கு ‘சாம்பிள்’ ஃபங்ஷனை 32க்கு, ‘ரிப்ளேஸ்’ ட்ரூ எண்டு குடுத்துக் கூப்பிடுங்கோ, இப்ப நம்பர் மாறோணும். திரும்பத் திரும்ப அடிச்சும் மாறேல்லை எண்டா உங்கட ஃபங்ஷன் இன்டெக்ஸைக் கணக்கிலயே எடுக்கேல்லை.

படி 3: சிவப்பு எழுத்து வந்தா

‘அன்யூஸ்ட் ஆர்கியுமென்ட்’ எண்டா ரெண்டாவது ஆர்கியுமென்டை விட்டுட்டீங்க. ‘அன்டிஃபைன்ட் கொலம்ஸ் செலக்டட்’ எண்டா டி[ஐ, ]ல இருக்கிற கொமாவை விட்டுட்டீங்க, கொமா இல்லாட்டி ஆர் அதைக் கொலம் நம்பர் எண்டு எடுக்கும், எம்டிகார்ஸ்ல இருக்கிறது 11 கொலம்தான், 27ஆவது கொலத்துக்கு அது எங்க போறது?

படி 4: எரர் இல்ல, ஆனா ஸ்டாண்டர்ட் எரர் சைபர்

இதை வடிவா வாசியுங்கோ. பயஸ் (பூட்ஸ்ட்ராப் விடைகளின்ட சராசரிக்கும் ஒரிஜினல் விடைக்கும் உள்ள வித்தியாசம்) 0, ஸ்டாண்டர்ட் எரர் 0 எண்டு வந்தா ஒவ்வொரு தரமும் பழைய முழு டேட்டாவே உள்ளுக்க போயிருக்கு. ஒரு காரணம், டி[ஐ, ]க்குப் பதிலா வெறும் டி எழுதியிருப்பீங்க. மற்றது ஃபோர்முலாக்குள்ள டொலர் குறி, அதாவது எம்டிகார்ஸ்$எம்பிஜி எண்டு எழுதுறது. அப்பிடி எழுதினா நீங்க குடுக்கிற டேட்டாவை ‘எல்எம்’ எட்டியும் பாக்காது, நேரா வெளியில இருக்கிற ஒரிஜினலைத்தான் எடுக்கும். ஃபோர்முலாவில கொலம் பேர் மட்டும், டொலர் குறியே வேண்டாம்.

சொந்தமா ஃபோர் லூப் எழுதுற ஆக்களுக்கு இன்னொரு பொறி, ‘சாம்பிள்’ல ‘ரிப்ளேஸ்’ ட்ரூவை மறந்தா வரிகளின்ட ஓடர்தான் மாறும், கோஎஃபிஷன்ட் அப்பிடியே நிக்கும். சரியா எடுத்தா ஒரு சாம்பிள்ல 32 காரில சராசரியா 20 கார்தான் வரும், ‘யுனீக்’ போட்டு எண்ணிப் பாருங்கோ.

படி 5: ஒருக்கா ஓடுது, ஒருக்கா விழுது

‘நம்பர் ஒஃப் ஐட்டம்ஸ் டு ரிப்ளேஸ்’ எண்டு தொடங்கிற எரர் இருக்கே, அதுக்குக் காரணம் அநேகமா ஃபக்டர், அதாவது வரிகளை லெவல் லெவலாப் பிரிக்கிற கொலம். செய்து பாக்கோணுமெண்டா டபிள்யூடியை எடுத்துட்டு கார்ப் கொலத்தை (கார்புரேட்டர் எண்ணிக்கை) மட்டும் ஃபக்டரா மொடலுக்க போடுங்கோ. அதில 6உம் 8உம் ஒவ்வொரு காருக்குத்தான் இருக்கு. ஒரு கார் ஒரு சாம்பிள்ல வராமலே போற சான்ஸ் 36 வீதம், அது வராட்டி அந்த லெவலே இல்ல, 6 கோஎஃபிஷன்ட் வரவேண்டிய இடத்தில 5தான் வரும், ‘பூட்’ தடுமாறி விழும்.

‘ஸ்ட்ராட்டா’ (ஒவ்வொரு லெவலுக்குள்ளயும் தனித்தனியாக் குலுக்கி எடுக்கச் சொல்றது) போட்டா எரர் போயிடும் எண்டு சொல்லுவினம். போகும்தான், ஆனா அந்த ஒத்தைக் கார் எல்லாச் சாம்பிள்லயும் கட்டாயம் வந்து நிக்கும், அந்த லெவல்ல இருக்கிற ஆட்டத்தை அளக்கவே ஏலாது. என்னைக் கேட்டா சின்ன லெவல்களைச் சேர்த்து ‘4உம் அதுக்கு மேலயும்’ எண்டு ஒண்டாக்கிறதுதான் நேர்மையான வேலை. கொட்டாஞ்சேனையில ஒரே ஒரு ஃப்ளட்டை வைச்சு அந்தப் பக்கத்து வாடகையே இதுதான் எண்டு சொல்ல ஏலாதுதானே.

படி 6: கொன்ஃபிடன்ஸ் இன்டர்வல்

கொன்ஃபிடன்ஸ் இன்டர்வல் (உண்மையான விடை இருக்கக்கூடிய எல்லை) எடுக்க ‘பூட் டொட் சிஐ’ போட்டு 37க்குக் கிட்ட இன்டர்வல் வந்தா நீங்க பாக்கிறது இன்டர்செப்ட். ஸ்லோப் வேணுமெண்டா ‘இன்டெக்ஸ்’ 2 குடுக்கோணும். பிசிஏ (பயஸைத் திருத்தித் தாற ஒரு வகை இன்டர்வல்) கேட்டு ‘எஸ்டிமேட்டட் அட்ஜஸ்ட்மென்ட் ஏ இஸ் என்ஏ’ எண்டு வந்தா, எத்தனை தரம் ஓடச்சொன்னீங்களோ அது வரிகளை விடக் குறைவு. 5000 வரி டேட்டாவுக்கு ஆயிரம் தரம் காணாது, கூட்டுங்கோ, இல்லாட்டி பேர்சென்டைல் இன்டர்வலோட நில்லுங்கோ. ஒவ்வொரு ரன்னுக்கும் நம்பர் கொஞ்சம் மாறுது எண்டு பயப்பட வேண்டாம், ‘பூட்’டுக்கு மேல் வரியில ‘செட் டொட் சீட்’ போடுங்கோ, ஒவ்வொரு தரமும் அதே குலுக்கல்தான் வரும்.

இவ்வளவும் சரியா இருந்தும் விடை பிழைக்கிற ஒரு இடம் இருக்கு. ஒவ்வொரு நாளும் டொலருக்கு எத்தனை ரூவா எண்ட டேட்டாவை எடுத்து இதே மாதிரி வரி வரியாக் கலக்கினா கோட் அழகா ஓடும், ஒரு எரரும் வராது, ஆனா நேற்றைய விலைக்கும் இண்டைக்கு விலைக்கும் இருக்கிற தொடர்பு துண்டு துண்டாப் போயிடும், வாற இன்டர்வலும் அநேகமா இருக்கவேண்டியதை விட ஒடுங்கிப் போகும். அதுக்கு இதே பக்கேஜில ‘டிஎஸ்பூட்’ இருக்கு, அது அடுத்தடுத்த நாட்களை ஒரு கட்டாச் சேர்த்து எடுக்கும்.