மரவளையத்தில் பழைய கோடையைப் படிப்பது எப்படி?

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைப் பழக நினைத்தால் முதலில் பனையையும் தென்னையையும் விட்டுவிடுங்கள், அவற்றில் ஆண்டு வளையமே கிடையாது. மரக்காலைக்குப் போய்ப் பட்டை உரியாத தேக்கு வட்டு ஒன்று கேளுங்கள். எந்த ஆண்டு வெட்டியது என்று கேட்டு அதன் முதுகிலேயே எழுதிவிடுங்கள். பட்டையை ஒட்டிய வளையத்துக்கு ஆண்டு தெரிந்தால்தான் உள்நோக்கி எண்ண முடியும்.

அப்புறம் தேய்க்க வேண்டும். 80ஆம் நம்பர் சாண்ட் பேப்பரில் தொடங்கி 120, 240, 400 வரை. நான் முதல்முறை 120இல் கை வலித்து நிறுத்திவிட்டேன், நெருக்கமான இடத்தில் இரண்டு வளையம் ஒன்றாகத் தெரிந்து எல்லாம் பிழைத்தது. நன்றாகத் தேய்த்த தேக்கில் ஒவ்வொரு வளையமும் தொடங்கும் இடத்தில், ஊசியால் குத்தியதுபோல் பெரிய துளைகள் வரிசையாக நிற்கும். அதுதான் எல்லை. எண்ணும்போது வழி தவறாமலிருக்க வளையத்தின்மேல் பென்சிலால் புள்ளி வையுங்கள்: 1990, 1980 போன்றவற்றுக்கு ஒரு புள்ளி, 1950க்கு இரண்டு, 2000க்கு மூன்று.

சரி, இதிலிருந்து வெப்பநிலை கிடைக்குமா? கிடைக்காது. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம்மூர் மரத்தை நிறுத்தி வைப்பது தண்ணீர்த் தட்டுப்பாடு, குளிர் அல்ல. கோடை வெப்பம் வேண்டுமென்றால் குளிரே வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மரம் வேண்டும், உதாரணமாக வடசுவீடனின் டோர்னெட்ரஸ்க் பகுதிப் பைன். கோடை சூடாக இருந்த ஆண்டில் அதன் பின்பருவ உயிரணுச் சுவர்கள் தடிக்கும். அதனால் அங்கே அகலத்தைவிட அடர்த்தியே நன்றாகப் பேசும். இப்படியான அளவீடுகளைச் சர்வதேச மரவளையத் தரவு வங்கியில் இலவசமாக இறக்கலாம்.

இறக்கியதும் பல மரங்களின் வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஒரு மரம் மட்டும் ஏதோ ஓர் ஆண்டுக்கு முன்னால் முழுக்க ஓராண்டு விலகி நின்றால் அதில் ஒரு வளையம் விடுபட்டிருக்கும், அல்லது பொய் வளையம் (ஒரே ஆண்டுக்குள் கூடுதலாகத் தோன்றுவது) ஒன்றை எண்ணியிருப்பார்கள்.

அடுத்து வயதின் பாதிப்பை நீக்க வேண்டும். மரம் பருக்கப் பருக்க வளையம் மெலியும், அடர்த்தியும் வயதோடு மாறும். மென்மையான வளைகோடு ஒன்றைப் பொருத்தி அதனால் வகுத்துவிடுவோம். கோடு அளவுக்கு மீறி வளைந்தால் நூறாண்டாக மெல்ல ஏறிய வெப்பமும் சேர்ந்து அழிந்துபோகும், ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான்.

கடைசியாக, அந்த இடத்தின் வெப்பமானிப் பதிவில் பாதியை வைத்து, அடர்த்தியை வெப்பநிலையோடு இணைக்கும் சமன்பாடு போடுங்கள், மீதியை மறைத்து வைத்துச் சோதியுங்கள். தேறினால் பின்னோக்கி நீட்டலாம். 1600இல் பெருவில் உவைனாபுட்டினா எரிமலை வெடித்தது, 1601 கோடை வட அரைக்கோளத்தில் கடுங்குளிர். உங்கள் கோட்டின் பள்ளம் 1602இல் விழுந்திருந்தால் மறுபடி வளையங்களை எண்ணப் போங்கள்.