பிரித்தானியத் தேர்தல் முடிவைக் கொழும்பிலிருந்து வாசிப்பது எப்படி

பிரித்தானியாவில் வாக்களிப்பு இரவு 10 மணிக்கு முடியும். கோடையில் நமக்கு அது அதிகாலை 2.30, 2019இல் போல டிசம்பரில் தேர்தல் வந்தால் 3.30. அந்த நிமிடமே பிபிசி, ஐடிவி, ஸ்கை மூன்றும் சேர்ந்து, வாக்களித்துவிட்டு வெளியே வருவோரிடம் கேட்டு நடத்தும் வாக்குச்சாவடிக் கணிப்பு வெளிவரும். இரவு முழுக்க விழித்திருக்கத் தேவையில்லை. 2.30க்கு எழும்பிக் கணிப்பைக் கொப்பியில் குறித்துவிட்டுப் படுங்கள். கோடைத் தேர்தலில் பெரும்பாலான தொகுதிகளின் முடிவு நமது நேரம் 6.30க்கும் 9.30க்கும் இடையில்தான் வரும். இங்கே தபால் வாக்கு முதலில் தனியாக வருவது போல அங்கே வராது. எல்லா வாக்கையும் கலந்து எண்ணி, ஒரு தொகுதிக்கு ஒரே தடவையில் முடிவைச் சொல்வார்கள். அதற்கு முன் "முன்னிலை" என்று யாராவது அனுப்பினால் அது ஊகம்தான்.

கணிப்பில் பெரிய கட்சியின் எண்ணைப் பேனையால் எழுதலாம், சின்னக் கட்சிகளுடையதைப் பென்சிலால் எழுதுங்கள். 2024இல் தொழிற்கட்சிக்கு 410 என்றார்கள். அந்தக் கட்சியிலிருந்து வந்த சபாநாயகரைச் சேர்க்காமல் 411 வந்தது. ரிஃபோர்ம் யூகே என்ற சின்னக் கட்சிக்கு 13 என்றார்கள்; வந்தது 5. காரணம், கடந்த தேர்தலில் கேட்ட அதே வாக்குச்சாவடிகளில் பெரும்பாலும் திரும்பக் கேட்டு, மாற்றத்தை அளப்பதுதான் அவர்களுடைய முறை. பழைய அடித்தளம் இல்லாத கட்சிக்கு அளக்க ஒன்றும் இருக்காது.

அடுத்துத்தான் நம்மில் பலர் தவறுகிற இடம். 1978 அரசியலமைப்புக்குப் பின் நமக்கு விகிதாசாரம் பழகிவிட்டது. வாக்கு வீதத்தைப் பார்த்தவுடன் ஆசனத்தை மனசிலே கணக்குப் போட்டுவிடுகிறோம். அங்கே அது உதவாது. தொகுதிக்கு ஒருவர், கூடுதல் வாக்கு எடுத்தவர் வெற்றி. தேசியப்பட்டியலும் இல்லை, விருப்பு வாக்கும் இல்லை. 2024இல் தொழிற்கட்சி 33.7 வீத வாக்கோடு 650இல் 411 ஆசனம் எடுத்தது. ரிஃபோர்ம் 14.3 வீதம் எடுத்து 5 ஆசனம். அதற்கும் குறைவாக 12.2 வீதம் எடுத்த லிபரல் ஜனநாயகக் கட்சிக்கோ 72.

இது விளங்கவில்லை என்றால் நமது 1977ஐ நினைத்துப் பாருங்கள். சுதந்திரக் கட்சி நாடு முழுக்கப் பரந்து கிட்டத்தட்ட 30 வீதம் எடுத்து 8 ஆசனத்தோடு நின்றது. வடக்கிலும் கிழக்கிலும் வாக்குகள் திரண்டிருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 7 வீதத்துக்கும் குறைவாக எடுத்து 18 ஆசனம் பெற்றது, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். எவ்வளவு வாக்கு என்பதைவிட, அது எங்கே குவிந்திருக்கிறது என்பதே கணக்கு. ஆகவே ஒரு தொகுதி முடிவு வந்ததும் நாலு விஷயம் எழுதுங்கள்: வென்ற கட்சி, இரண்டாவது கட்சி, வித்தியாசம் எத்தனை வாக்கு, ஒவ்வொரு கட்சியும் கடந்த தடவையிலிருந்து எத்தனை வீதப் புள்ளி ஏறியது அல்லது இறங்கியது.

கடைசி எண்ணிலிருந்துதான் 'ஸ்விங்', அதாவது வாக்கு ஒரு கட்சியிலிருந்து மற்றதன் பக்கம் சாய்ந்த அளவு, கணக்குக்கு வரும். ஒரு கட்சி இழந்த புள்ளியையும் மற்றது பெற்ற புள்ளியையும் கூட்டி இரண்டால் பிரியுங்கள். 2019இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 43.6 வீதம், 2024இல் 23.7, இழப்பு 19.9. தொழிற்கட்சி 32.1இலிருந்து 33.7; ஏற்றம் 1.6. கூட்டினால் 21.5, பாதி 10.75. இந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் மக்கள் திரண்டு தொழிற்கட்சிக்கு மாறியது போலத் தெரியும். பிரித்துப் பார்த்தால் அந்தக் கட்சி ஏறியது 1.6 மட்டும்தான், கன்சர்வேட்டிவ் நொறுங்கியதுதான் நடந்தது. அதனால் ஸ்விங்கைத் தனியாக எழுதாதீர்கள், இரண்டு பகுதியையும் பக்கத்தில் எழுதுங்கள். 2024க்கு முன் தொகுதி எல்லைகளை மாற்றினார்கள் என்பதால், அந்த ஆண்டில் தொகுதிவாரியாகச் சொல்லும் "கடந்த தடவை" எண் புதிய எல்லைக்கு மதிப்பிட்டுப் பெற்றது.

'பெரும்பான்மை' என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு பொருள். தொகுதியில் என்றால் இரண்டாமவரோடு உள்ள வித்தியாசம்: 2024இல் ஹெண்டனில் அது 15 வாக்கு, இல்ஃபோர்ட் நோர்த்தில் தொழிற்கட்சியின் வெஸ் ஸ்ட்ரீட்டிங்குக்கு 528. அரசாங்கத்துக்கு என்றால், தன் ஆசனத்திலிருந்து மற்ற எல்லாரையும் கழித்தால் வருவது. சபாநாயகரையும் சேர்த்து 412, மற்றவர்கள் 238, ஆக 174. இது மலைப்பாகத் தெரியும். ஆனால் சொந்தக் கட்சியில் அதன் பாதியளவு, 87 பேர், எதிர்ப்பக்கம் வாக்களித்தாலே சட்டமூலம் ஆட்டம் காணும். 2025 கோடையில் நலன்புரிக் கொடுப்பனவுச் சட்டமூலத்துக்கு எதிராகத் தொழிற்கட்சியினரே 120 பேருக்கு மேல் கையெழுத்திட்டபோது அரசாங்கம் பின்வாங்கியது இதனால்தான். வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சி உறுப்பினர்கள் ஆசனத்தில் அமர்வதில்லை என்பதால், பெரும்பான்மைக்குக் காகிதத்தில் 326 வேண்டியது நடைமுறையில் சற்றுக் குறையும்.

இடைத்தேர்தலை வைத்து அடுத்த பொதுத் தேர்தலைச் சொல்ல அவசரப்பட வேண்டாம். 2025 மே மாதம் ரன்கோர்ன் அண்ட் ஹெல்ஸ்பியில் ரிஃபோர்ம் 6 வாக்கில் வென்றது. அது போக்கைக் காட்டும், ஆசன எண்ணிக்கையைக் காட்டாது. அடுத்த பொதுத் தேர்தலுக்கு 2029 ஆகஸ்ட் வரை அவகாசம் இருக்கிறது.

நமது குடும்பங்களுக்கு நேரடியாகத் தேவைப்படுவது ஒன்று உண்டு. இலங்கை பொதுநலவாய நாடு. அதனால் அங்கே சட்டப்படி வசிக்கும் இலங்கைக் குடிமக்கள், மாணவர் விசாவில் இருப்பவர்கள் உட்பட, 18 வயது நிரம்பியிருந்தால் பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். ஈழத்தமிழ்ப் பின்னணி கொண்ட உமா குமரன் 2024இல் வென்ற ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போவிலும் இதே விதிதான். வாக்களிப்புக்கு 12 வேலை நாளுக்கு முன் பெயரைப் பதிய வேண்டும். வாக்குச்சாவடிக்குப் படத்தோடு கூடிய அடையாளம் கொண்டுபோக வேண்டும்: இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும், நமது தேசிய அடையாள அட்டை செல்லாது.